முட்டையும் அரைப்பேரும்

கொஸ்லந்தையில் மழை பிடித்தால் லேசில் விடாது. ஐப்பசி பிறந்துவிட்டால் பெரகலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தை மூடிக்கொள்ளும். 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவி நூலாக மெலிவதும் உண்டு, பாறை தெரியாமல் கொட்டுவதும் உண்டு. அது கொட்டுகிற நாட்களில் லயத்து வாசலில் மட்டை பிடிக்க வழியில்லை. அப்போது நாங்கள் புத்தகத்தில் கிரிக்கெட் ஆடினோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்க வேண்டும். இடதுபக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ஓட்டம். இடதுபக்கத்தில் எப்போதும் இரட்டை எண்தான் வரும் என்பதால் 2, 4, 6 அப்படியே ஓட்டங்கள். 8 வந்தால் ஒன்று. சைபர் வந்தால் அவுட். சமூகக் கல்விப் புத்தகம் அந்த ஒரு காரியத்துக்காகவே எங்களிடம் தேய்ந்தது.

1996 மார்ச் 17 இரவு, லாகூரில் அரவிந்த டி சில்வா 107 அடித்து ஆட்டமிழக்காமல் நின்று உலகக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். கார் பெட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளை டீவிக்கு முன்னால் முழு லயமும் உட்கார்ந்து பார்த்தது. மறுநாளே பக்கத்துக் காம்பராக் கூட்டாளியும் நானும் ஒரு கொப்பியில் கோடு போட்டு அணிகள் பிரித்தோம். யார் எத்தனை அடித்தார், யாருக்கு எத்தனை முட்டை என்று ஒவ்வொரு இன்னிங்ஸும் எழுதப்பட்டது. ஆட்டத்தைவிடக் கணக்கில்தான் எனக்கு ருசி.

முதல் மாதக் கணக்கில் முரளிதரனின் துடுப்பாட்டச் சராசரி 19. அரவிந்தவுக்கு 9. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் பயமும். எங்கேயோ பிழை விட்டுவிட்டோம் என்று நினைத்தேன். இரண்டாவது கொப்பி நிறைந்தபோது முரளி இறங்கி வந்தார், அரவிந்த ஏறி வந்தார், எல்லாரும் 13க்குப் பக்கத்தில் கூடி நின்றார்கள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. நூறு தடவை பிரித்தால் ஒவ்வொரு இலக்கமும் சராசரியாக இருபது தடவை வரும். இருபது அவுட், மிச்சத்தில் 260 ஓட்டம். விக்கெட்டுக்கு 13. பத்து விக்கெட்டுக்கு 130 ஓட்டம், அதுவும் ஏறக்குறைய ஐம்பது பந்தில். ஒருவர் சதம் போட முப்பது தடவைக்கு மேல் சைபர் விழாமல் தப்பவேண்டும். அது கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு தடவை நடக்கிற காரியம். நிஜத்தில் 1997 ஒகஸ்டில் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக ஜயசூரிய 340, மஹானாம 225, இருவரும் சேர்ந்து 576, அணி 6 விக்கெட்டுக்கு 952. எங்கள் புத்தகத்தைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை பிரித்தாலும் அந்த இன்னிங்ஸ் வராது.

அரவிந்த 93 டெஸ்டில் எடுத்த சராசரி 42.97. முரளியுடையது பன்னிரண்டுக்கும் குறைவு. அதாவது புத்தகத்தில் யார் பெயரை எழுதினாலும் ஆடுவது பதினோராவது ஆளாக இறங்குகிற முரளிதான். ஆனால் பந்துக்கு இரண்டரை ஓட்டம் விளாசுகிற முரளி.

புத்தகத்துக்கும் ஆடுகளம் உண்டு என்பதையும் கொப்பிதான் காட்டிக்கொடுத்தது. ஐந்தில் ஒன்றாக வரவேண்டிய ஆறு, கூட்டாளியின் அணிக்கு மட்டும் மூன்றில் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 56ஆம் பக்கத்தில் முதுகு முறிந்திருந்தது. கட்டைவிரலை வைத்தாலே அங்கேதான் திறக்கும். "அது தானா முறிஞ்சது மச்சான்" என்றான். இரண்டு நாள் பேசவில்லை.

யார் பெயரை எழுதினாலும் அதிர்ஷ்டமே ஆடுகிற இந்தக் குறையை அமெரிக்காவில் ஒரு பையனும் கண்டிருக்கிறான். ஹால் ரிச்மன் என்று பெயர். பேஸ்போல் பலகை ஆட்டங்களில் எல்லாம் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கிறதே என்று பதினொரு வயதில் யோசிக்கத் தொடங்கினான். 1961இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. அந்த வீரர் உண்மையில் ஆடிய பருவத்தின் கணக்கை அந்த அட்டையில் பிரித்து வைத்திருப்பார்கள். தாயக்கட்டையை உருட்டி அட்டையைப் பார்க்கவேண்டும். நல்ல அடிகாரருக்கு நல்ல அட்டை. நீண்ட பருவம் ஆடிப் பார்த்தால் விளையாட்டின் கணக்கு நிஜக் கணக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எங்கள் சமூகக் கல்விப் புத்தகத்துக்கு இல்லாத நீதி அதில் உண்டு. அரவிந்த அரவிந்தவாகவே இருப்பார்.

ஆனால் அந்த அட்டையிலும் ஏறாத ஒன்று இருக்கிறது. 1941 பருவத்தின் கடைசி நாள். பொஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் பத்துக்கு நான்கு என்ற அடி விகிதத்தின் வாசலில் நிற்கிறார். அவருடைய கணக்கு .39955, முழுமையாக்கினால் .400. ஆடாமல் உட்கார்ந்திருந்தாலே போதும், பெருமை கையில். அன்றைக்கு இரண்டு ஆட்டம். இரண்டிலும் இறங்கி, எட்டில் ஆறு அடித்து, .406 என்று முடித்தார். கிரிக்கெட்டிலோ, 1948இல் ஓவல் மைதானத்தில் பிராட்மனுக்குச் சராசரி நூறாக நான்கே ஓட்டம் வேண்டியிருந்தது. ஹொலிஸின் இரண்டாவது பந்தில் போல்ட், முட்டை. 99.94 என்று இன்றைக்கும் நிற்கிறது. தாயக்கட்டைக்கு .399உம் ஒன்றுதான், .400உம் ஒன்றுதான். இன்னும் நாலு வேண்டும் என்பது ஆடுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பிராட்மன் இல்லை, அம்மா.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் செக்ரோல் பதிவேட்டில் முழுப்பேர். எடுக்காவிட்டால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். காலையிலிருந்து மலையில் நின்றது அதே ஆள்தான், அதே கால்தான். ஆனால் தராசு முள் ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதில் பாதி ஆள் காணாமல் போய்விடுவார். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில்தான் தேயிலைக்கு வாசம் ஏறும். ஏலத்தில் பெயர் வாங்கும் தூள் அந்தப் பருவத்துத் தூள். அதே காற்றில் கொழுந்து சுருங்கிவிடும். தேயிலைக்குப் பேர் வருகிற மாதங்களில் எடுக்கிறவளுக்கு அரைப்பேர்.

அப்படி ஒரு மாலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவுக்கு ஒரு கிலோ குறைந்தது. கடைசி நிறுவைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கூடையை மாட்டிக்கொண்டு அம்மா மறுபடி மலையேறினார். ஓடையோரத்தில் நிழல் மறைத்த இரண்டு நிரையில் பச்சை மிச்சம் இருப்பது அவருக்குத் தெரியும். சாயத்தண்ணிப் போத்தலோடு நான் பின்னால் ஓடினேன். மூச்சு வாங்க இறங்கி வந்து தராசில் கொட்டியபோது முள் கோட்டைத் தொட்டது. கணக்கப்பிள்ளை முழுப்பேர் எழுதினார்.

அன்று ராத்திரி விளக்கடியில் நான் சராசரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு யாருக்கு அரைப்பேர்?" என்றார் அம்மா. முட்டை போட்டவர்களை அப்படித்தான் கேட்பார்.

"அர்ஜுனவுக்கும்மா."

அம்மா கொப்பியை எட்டிப் பார்த்தார். நெளி நெளியாக எண்கள். "இம்புட்டு எழுதியிருக்கியே சாமி, இதுல எவன் மலையேறுனான்?"

நான் பதில் சொல்லவில்லை. கோபம்தான் வந்தது. சிறுபிள்ளையின் விளையாட்டை அம்மா கெடுப்பதாகத் தோன்றியது.

2010 ஜூலை 22. காலியில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட். 792 விக்கெட்டோடு இருந்த முரளிதரன், இதுதான் கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இறங்கியிருந்தார். இன்னும் இரண்டு டெஸ்ட் ஆடிச் சாவகாசமாக 800 எடுத்திருக்கலாம். முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் இரண்டு: 799. லக்ஷ்மன் ரன் அவுட் ஆகிவிட, மிஞ்சியது ஒரே விக்கெட். அதை வேறு யார் எடுத்தாலும் 799உடன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கடைசி ஜோடியோ அசைவதாக இல்லை. ஓவர் மேல் ஓவராக முரளி வந்து வந்து போட்டுக்கொண்டே இருந்தார்.

அம்மாவுக்கு அப்போது பென்ஷன் வயது தாண்டியிருந்தது. கிரிக்கெட் விதி ஒன்றும் தெரியாது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன் முரளி என்பது மட்டும் தெரியும்.

"இன்னும் எத்தனை வேணுமாம் அந்தப் புள்ளைக்கு?"

"ஒன்னும்மா."

அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு டீவிக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பந்து ஓஜாவின் மட்டையில் உரசி ஸ்லிப்பில் மஹேலவின் கைக்குப் போனது.

"முழுப்பேரா?" என்றார்.

"முழுப்பேர்தாம்மா."