டி.வி.க்குப் பின்னால்

அம்பத்தூர் ஓ.டி.யில் சி.டி.எச். சாலையை விட்டு உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்று. ஒரு பக்கம் மாவு மில், மறுபக்கம் ஜெராக்ஸ் கடை, நடுவே இந்தச் சின்னக் கடை. ‘ஸ்மார்ட் டி.வி., ஸ்டிக், வைஃபை சர்வீஸ்’ என்று பளபளக்கிறது வாசல் மேல் வினைல் பலகை. அதன் ஓரம் கிழிந்த இடத்தில், கீழே இருக்கும் பழைய பெயின்ட் எழுத்து கொஞ்சம் தெரிகிறது: ‘கலர் டி.வி., டெக்…’

எமர்ஜென்சி விளக்குக்குப் பேட்டரி மாற்றக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். பேட்டரி வாங்கி வரப் பையன் போயிருக்கிறான். காத்திருக்கும் ஆளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

கடையின் பின்சுவர் அலமாரியைக் கீழிருந்து மேலே பார்த்தால் இந்தப் பக்கத்து வீட்டுக் கூடங்கள் மாறிய கதை தெரியும். அடித்தட்டில் முதுகு திறந்த 14 அங்குலப் பெட்டி. 2006-இல் ஆட்சிக்கு வந்த அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த இலவசக் கலர் டி.வி. வகை. அதற்கு மேல் கேபிள் ஸ்ப்ளிட்டர்கள், பூஸ்டர்கள். 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தபோது ஓடிய சரக்கு. அடுத்த தட்டில் செட்டாப் பாக்ஸ்கள். 2017-இல் இவையும் இலவசமாக வந்தன. கண்ணுக்கு நேரே கொக்கிகளில் ரிமோட்டுகளும் ஸ்டிக்குகளும் தொங்குகின்றன. மேலே போகப் போகச் சாமான் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் வருபவர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்காமலே சொல்லிவிடுகிறார்.

“டேங்க்கையே ஓட வெச்சுப் பாத்தவன் தம்பி நான். இந்தச் சுண்டுவிரல் சாமான் என்னைப் பாடாப் படுத்துது.”

கையில், டி.வி.யில் சொருகி இணையத்தில் படம் பார்க்கும் ஸ்டிக். படம் கொஞ்ச நேரம் ஓடுகிறதாம். திடீரென்று திரை இருண்டு, கம்பெனி முத்திரை வந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறதாம். ரீசெட் போட்டுப் பார்த்துவிட்டார், மகன் போனில் சொன்னதையெல்லாம் செய்துவிட்டார்.

கடைக்காரர் ஸ்டிக்கை வாங்கிப் பார்க்கவே இல்லை.

“கரண்ட்டு எங்கேர்ந்து சார் குடுத்திருக்கீங்க?”

“டி.வி. பின்னாடியே யூ.எஸ்.பி. ஓட்டை இருக்கே, அதுலேர்ந்து.”

“கூட ஒரு அடாப்டர் வந்திருக்குமே?”

“வந்துது. டி.வி.யிலேயே கரண்ட் வரும்போது அது எதுக்குன்னு பீரோவுல வெச்சிருக்கேன். கவர்கூடப் பிரிக்கல.”

கடைக்காரர் சிரிக்கவில்லை. இதை அவர் நிறையக் கேட்டிருப்பார் போல. டி.வி.யின் அந்த ஓட்டை பென்டிரைவ் சொருகுவதற்கு வைத்தது. சாதாரண யூ.எஸ்.பி. 2.0 என்றால் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் அதன் கணக்கு. ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் அதே 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் தரும். மெனு மட்டும் திறந்திருக்கும்வரை ஸ்டிக் அரை ஆம்பியரில் காலம் தள்ளும். படம் ஓடத் தொடங்கி வைஃபையும் சிப்பும் சேர்ந்து இழுத்ததும் விழுந்து எழும். இவ்வளவையும் விரல்களை மடக்கி மடக்கி அவர் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் தலையாட்டிவிட்டார்.

“லோடு ஏறினா வோல்டேஜ் டிராப் ஆவுது. அவ்ளோதானே?”

“அவ்ளோதான் சார்.”

சட்டைப் பைக்குக் கை போகிறது. கடைக்காரர் வேண்டாம் என்று கையசைக்கிறார். பெரியவர் கடன்பட்டவர்போல் ஒரு நொடி தயங்கி, கண்ணில் பட்ட பேட்டரி செல் இரண்டை ரிமோட்டுக்கென்று வாங்கிக்கொண்டு போகிறார்.

அடுத்து பட்டரவாக்கத்திலிருந்து அம்மாவும் மகளும். மகள் பிளஸ் டூ. எது வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“ஃபோர் கே ஸ்டிக் அண்ணா.”

“டி.வி. எத்தனை இஞ்ச் மா?”

முப்பத்திரண்டு. மகள் போனில் பில்லைத் தேடி எடுக்கிறாள். எச்.டி. ரெடி என்று போட்டிருக்கிறது. அந்தத் திரையில் அகலத்துக்கு 1366 புள்ளி, உயரத்துக்கு 768. ஃபோர் கே படம் 3840-க்கு 2160.

“நீ எவ்ளோ ஊத்தினாலும் அந்த டி.வி. அதுக்குக் கொள்ற அளவுதான்மா காட்டும். ஃபோர் கே ஸ்டிக்குல சிப்பு கொஞ்சம் வேகமா இருக்கும், அதுக்காக வாங்கறியா, வாங்கு. படம் பளிச்சுன்னு வரும்னு நெனச்சு வாங்காத.”

நெட் பிளான் என்ன என்று கேட்கிறார். ஃபுல் எச்.டி.க்கு 5 எம்.பி.பி.எஸ்., ஃபோர் கே-க்கு 15 என்பது நெட்ஃபிளிக்ஸே சொல்லும் கணக்கு. இவர்கள் வீட்டில் அது தாராளமாக வருகிறது. பேச்சு முடிந்தது என்று நினைக்கும்போது கடைக்காரர் அம்மாவின் பக்கம் திரும்புகிறார்.

“வீட்ல வேற யாரும்மா டி.வி. பாப்பாங்க?”

“மாமியார். சாயங்காலம் உக்காந்தா பத்து மணி வரைக்கும் சீரியல்தான்.”

“சேனல் எப்டி மாத்துவாங்க?”

அந்தம்மாள் யோசிக்கிறார். “நம்பரைப் போட்டுத்தான். எந்த நம்பர்ல எது வரும்னு மனப்பாடம்.”

கடைக்காரர் கொக்கியிலிருந்து ஸ்டிக் ரிமோட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைக்கிறார். ஒரு வட்டம், சில பட்டன்கள், பேசுவதற்கு ஒரு மைக் பட்டன். எண் ஒன்றுகூட இல்லை. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மகள் தரையைப் பார்க்கிறாள். கேபிளை நிறுத்திவிட்டால் மாதா மாதம் மிச்சம் என்று வீட்டில் வாதாடி ஜெயித்துவிட்டு வந்தவள் அவள்தான் என்பது அந்த முகத்திலேயே தெரிகிறது.

கேபிள் இருக்கட்டும் என்று முடிவாகிறது. செட்டாப் பாக்ஸ் மூன்று கலர் ஒயரில் இருக்கிறது. எனவே எச்.டி.எம்.ஐ. துளை காலி, ஸ்டிக் அங்கே போகும். கடைசியாக இன்னொன்றும் சொல்லி அனுப்புகிறார். ஸ்டிக் விழித்தால் டி.வி.யைத் தன் பக்கம் தானாக இழுத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. செட்டிங்ஸில் எச்.டி.எம்.ஐ. சி.இ.சி. என்று இருக்கும்.

“அதை ஆஃப் பண்ணி வெச்சுடு. நீ ரூமுக்குள்ளேர்ந்து போன்ல எதையாவது தட்டுவ, அங்க பாட்டி சீரியல் பாதில மறைஞ்சு போவும். அப்புறம் வீட்ல நீ ஒரு சீரியல் பாக்கணும்.”

அப்போதுதான் அந்தப் பெண் சிரிக்கிறாள்.

நடுவில் ஒருவர் வண்டியை நிறுத்தாமலே கேட்கிறார்: “மோடத்துல ரெட் லைட் எரியுது, வந்து பாக்கறீங்களா?” பூந்தமல்லிப் பக்கத்துக்காரர். எல்.ஓ.எஸ். என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். சாலையைத் தோண்டிய இடத்தில் அறுந்திருக்கலாம், வீட்டுக்குள் கண்ணாடி இழை மடங்கி ஒடிந்திருக்கலாம். “கேபிள்காரரக் கூப்புடுங்க சார், நான் வந்து ஒண்ணும் பண்றதுக்கில்ல” என்ற பதிலோடு வண்டி நகர்ந்துவிடுகிறது.

கல்லூரிப் பையன் ஒருவன் கறுப்புப் பெட்டியோடு வருகிறான். பேர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ். அட்டையில் ‘8கே’ என்று பெரிய எழுத்து. ஆயிரக்கணக்கான சேனல், எல்லாப் புதுப் படமும் இலவசம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அவன் குறை வேறு. நண்பன் கொடுத்த கணக்கில் நெட்ஃபிளிக்ஸ் போட்டால் படம் மங்கலாக, பழைய வி.சி.டி.போல் வருகிறது.

கடைக்காரர் அதைத் தன் மேசை டி.வி.யில் மாட்டுகிறார். செட்டிங்ஸுக்குள் போய், பிளே ஸ்டோருக்குள் போய், கூகுளின் சான்று பெறாத கருவி என்ற வரியைக் காட்டுகிறார். பணம் கட்டிப் பார்க்கும் படங்களைப் பூட்டி அனுப்ப வைட்வைன் என்றொரு முறை இருக்கிறது. அதில் எல் 1 என்ற தரம் கிடைத்த கருவிக்குத்தான் எச்.டி. திறக்கும். எல் 3 என்றால் அட்டையில் 8கே என்று அச்சடித்திருந்தாலும் 480 வரிகளோடு சரி. இணைய வேகத்தைக் கூட்டியும் பயனில்லை.

“சரிண்ணா, மங்கலா வந்தா வந்துட்டுப் போவுது. மத்ததெல்லாம் ஃப்ரீதானே?”

“ஃப்ரீயா குடுக்கறவன் எதுல சம்பாதிக்கறான்னு யோசிச்சியா தம்பி? இது உனக்குப் படம் காட்டறதுக்கு முன்னாடி உன் வீட்ட எவனுக்கோ காட்டும்.”

பையன் நம்பாமல் பார்க்கிறான். கடைக்காரர் மிகைப்படுத்தவில்லை. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ‘பேட்பாக்ஸ் 2.0’ பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. மலிவான ஸ்ட்ரீமிங் பெட்டிகள் பலவற்றில் விற்பனைக்கு வரும் முன்பே கெட்ட நிரல் ஏற்றப்படுகிறது, அல்லது முதல்முறை இயக்கும்போது இறங்குகிறது. பிறகு அந்த வீட்டு இணைய இணைப்பின் வழியாக வேறு யாரோ, அந்த வீட்டுக்காரர் பெயரில், வேறு காரியங்களை நடத்துகிறார்கள். பையன் பெட்டியைப் பையில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்குப் போய் மாட்டுவானா, மாட்டானா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

போன் அடிக்கிறது. கைவேலை இருப்பதால் ஸ்பீக்கரில் போடுகிறார். பூந்தமல்லி கரையான்சாவடியிலிருந்து ஒரு அம்மா. பிக் பாஸ் பார்க்க உட்கார்ந்தால் படம் நின்று நின்று வட்டம் சுற்றுகிறது. நெட்காரரிடம் சண்டை போட்டு அடுத்த பிளானுக்கும் மாறியாகிவிட்டது. இன்னும் சுற்றுகிறது.

“மோடம் எங்கம்மா இருக்கு?”

“ஹால்ல. பாக்க அசிங்கமா இருக்குன்னு பீரோ பின்னாடி வெச்சிருக்கோம்.”

“டி.வி.?”

“பெட்ரூம்ல.”

“ஸ்டிக்க டி.வி.யில நேராச் சொருவியிருக்கீங்களா, ஒரு சாண் ஒயர் வெச்சா?”

“ஒயரா? அது டப்பாலயே கெடக்குது.”

அவர் நிதானமாகச் சொல்கிறார். சுவரோடு ஒட்டித் தொங்கும் டி.வி.யின் முதுகில் ஸ்டிக் இருந்தால் முன்னால் முழுக்கத் தகடு, பின்னால் செங்கல் சுவர். சிக்னலும் வராது, சூடும் போகாது, கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஒரு சாண் ஒயரைப் போட்டு ஸ்டிக்கைப் பக்கவாட்டில் வெளியே எடுத்துவிட வேண்டும். மோடத்தைப் பீரோ மேல் ஏற்ற வேண்டும். வைஃபை பெயர் இரண்டாகத் தெரிந்தால் இரண்டிலும் மாற்றிப் பார்க்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு மோடமெல்லாம் அதே அலையில் இடித்துக்கொண்டு நிற்கும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது மனம் வரைபடம் போடுகிறது. அந்த அம்மா பார்க்கத் தவிக்கும் பிக் பாஸ் வீட்டை 2017-இல் அமைத்தது, அவர் வீட்டிலிருந்து பெங்களூரு சாலையில் கொஞ்ச தூரம் மேற்கே போனால் வரும் செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில். ஃபயர் டி.வி. ஸ்டிக்கை ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனத்தைக் கொண்டு சென்னையிலேயே செய்யப் போவதாக 2021 பிப்ரவரியில் அமேசான் அறிவித்தது. 1964-இல் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் சத்தத்துக்கு நடுவே இப்போது என்.டி.டி., எஸ்.டி. டெலிமீடியா போன்றவற்றின் தரவு மையங்கள் ஜன்னலில்லாக் கட்டடங்களாக நிற்கின்றன. படம் எடுக்கும் இடம், கருவி செய்யும் ஊர், உலகத் தகவல் தங்கிப் போகும் கட்டடம் எல்லாம் மாநகரப் பேருந்து எட்டும் தூரத்துக்கு வந்தாகிவிட்டது. தடை இருப்பதெல்லாம் ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில். அங்கே எந்தக் கம்பெனியும் வருவதில்லை. அங்கே நடப்பதை விசாரிக்க இப்படி ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

விசாரிப்பதற்கு அவருக்குக் கூலி கிடையாது. இவ்வளவு நேரத்தில் கல்லாவுக்குள் போனது ஒரு ஸ்டிக், இரண்டு செல். ஸ்டிக்கிலும் பெரிதாக நிற்காது. ஆன்லைன் விலையைப் போனில் காட்டித்தான் அந்தப் பெண் பேரம் பேசினாள். ஒயர், அடாப்டர், கன்வெர்ட்டர், சுவரில் டி.வி. மாட்டும் கூலி என்று பக்கவேலைகளில்தான் கடை ஓடுகிறது.

பேட்டரியோடு பையன் வந்துவிட்டான். விளக்கைத் திறக்கும்போது லுங்கியும் டி ஷர்ட்டுமாக இளைஞர் ஒருவர் அவசரமாக உள்ளே வருகிறார். போன் திரையில் ஆறேழு ஸ்டிக்குகள் விலையோடு வரிசையாக நிற்கின்றன.

“அண்ணா, ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுது. இதுல எது நல்லது, ஒண்ண மட்டும் சொல்லுங்க.”

கடைக்காரர் போனைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கிறார்.

“வீடு பக்கத்துலதானே? போய் டி.வி.க்குப் பின்னாடி ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. மோடம் இருக்கற இடத்தையும் ஒண்ணு எடுங்க.” இளைஞர் படியிறங்கிய பிறகு குரலை உயர்த்துகிறார். “ரிமோட்டு யார் கையில இருக்கும்னும் கேட்டுட்டு வாங்க!”