துயில் மறந்த நாய்

உயிர்களுக்கெல்லாம் உணவும் நீரும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது உறக்கம். பகலெல்லாம் ஏர் பிடித்த உழவன் இரவில் இளைப்பாறுகின்றான். பாடம் படித்த மாணவனும் கண்ணயர்கின்றான். இரை தேடித் திரிந்த பறவையும் கூட்டில் ஒடுங்குகின்றது. அங்ஙனம் யாவும் அடங்கிய பொழுதில் ஓருயிர் மட்டும் உறங்காது அலையுமாயின், அதற்கு ஏதேனும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும். மனிதன் தன் குறையை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வான். பேச்சறியா உயிர் என் செய்யும்? முனகும், குரைக்கும், கதவைப் பிறாண்டும், ஓரிடத்தில் நில்லாது நடக்கும். அவையே அதன் மொழி. அம்மொழியை அறியாதார் அதனைத் தொல்லை என்பர். அறிந்தார் முறையீடு என்பர். நம் வாயிலைக் காக்கும் நாயின் இரவு முறையீட்டைப் பற்றியே ஈண்டுச் சில சொல்ல விரும்புகின்றேன்.

நாயின் உறக்கம் நம் உறக்கம் போன்றதன்று. வடமொழிப் பழஞ்செய்யுள் ஒன்று, நன்மாணாக்கனுக்குரிய ஐந்து இயல்புகளுள் நாயுறக்கத்தையும் ஒன்றாக வைத்துள்ளது. சிற்றொலி கேட்டதும் விழித்தெழும் மெல்லுறக்கத்தையே அது குறித்தது. முன்னோர் கண்ணால் கண்டு கூறியதை இக்கால ஆராய்ச்சியும் உறுதி செய்கின்றது. நாய் ஒரு நாளில் ஏறக்குறையப் பாதிப்பொழுதை உறக்கத்தில் கழிக்கின்றது. ஆயினும் அவ்வுறக்கம் ஒரே நீட்சியாக அமைவதில்லை. இரவில் நாய்களை உற்றுநோக்கி 1993 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அவை சராசரியாகப் பதினாறு நிமிடம் உறங்கி ஐந்து நிமிடம் விழித்திருக்கின்றன என்று காட்டியது. மனிதன் செவி, நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கவல்லது. நாயின் செவியோ நாற்பத்தையாயிரம் வரை கேட்கும். ஆதலின், நாம் அமைதி என்று கருதும் இரவு அதற்கு அமைதியன்று.

இடையிடையே விழித்துச் செவியை நிமிர்த்திப் பார்த்து, மீண்டும் தலை சாய்ப்பது நாய்க்கு இயல்பேயாகும். உறங்கும் நாய் காலை உதைப்பதும், மெல்லக் குரைப்பதும் கனவின் விளைவுகள். அவற்றிற்காக அஞ்ச வேண்டுவதில்லை. எழுந்த நாய் மீண்டும் படுக்க மாட்டாமல், மூச்சிரைத்து, உடல் நடுங்கி, அங்குமிங்கும் அலைவதே நாம் கருத்தில் கொள்ள வேண்டிய குறியாகும்.

அவ்வலைச்சலுக்குக் காரணம் பல. இளங்குட்டியின் காரணம் எளிது. நேற்று வரை தாயின் வயிற்றுச் சூட்டில், உடன்பிறந்த குட்டிகளின் நடுவே கிடந்தது. இன்று தட்டுமுட்டுக் கிடக்கும் மூலையில் தனியே விடப்பட்டது. அஃது அழாமல் என் செய்யும்? எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயினின்று பிரித்தலாகாது. பிரித்துக் கொணர்ந்த பின்னும் முதற்சில இரவுகள் மனிதர் மூச்சொலி கேட்கும் தொலைவில் அதனைப் படுக்க வைத்தல் நன்று. தாயின் மணம் ஏறிய பழந்துணி ஒன்றை உடன் வைத்தால் குட்டி விரைவில் தேறும். சிறுநீரை நெடும்பொழுது அடக்கும் ஆற்றல் குட்டிக்கு இல்லை. ஆதலின் நள்ளிரவில் ஒருமுறை வெளியே கொண்டுபோய் விடுதலும் வேண்டும்.

அச்சம் மற்றொரு காரணம். ஐப்பசி மாதத்து இடியும், தீபாவளி வெடியும் எத்துணை வலிய நாயையும் கட்டிலின் கீழ் ஒளியச் செய்யும். நமக்கு அது திருநாள். நாய்க்கோ எங்கிருந்து, எதற்காக வருகின்றதென்று அறிய மாட்டாத பேரிடர். கட்டிப்போட்ட நாய் அவ்வேளையில் கயிற்றை அறுத்துக்கொண்டோடி வழி தவறிப் போவதும் உண்டு. சன்னல்களை அடைத்து, உள்ளறையில் இடம் கொடுத்து, அருகே ஒருவர் அமைதியாக அமர்ந்திருத்தலே அதற்கு நாம் செய்யத்தக்க உதவி.

நோய் மூன்றாவது காரணம். மூட்டு வலி பகலை விட இரவிலேயே மிகுதியாக உணரப்படும். சிறுநீரகக் கோளாறும் நீரிழிவும் உடைய நாய் மிகுதியாக நீர் பருகும். அடிக்கடி வெளியே போக எழும். இவற்றை அடியாலும் அதட்டலாலும் நீக்க முடியாது. மனிதர் உண்ணும் வலி மாத்திரையைத் தாமே கொடுப்பதும் தவறு. அவற்றுட் சில நாய்க்கு நஞ்சாகும். கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

நான்காவது காரணம் முதுமை. அஃது எவ்வாறிருக்கும் என்பதை எங்கள் வீட்டு மணியினிடத்தே யான் நேரிற் கண்டேன்.

மணி இனப்பெருமை ஏதுமில்லாத நாட்டு நாய், செம்மண் நிறம், மடிந்த காது. தொழுவத்தையும் வைக்கோற்போரையும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்தது. 2022 ஆம் ஆண்டு புரட்டாசித் திங்களில் அதற்கு வயது பதின்மூன்று. அப்பொழுதுதான் அதன் இரவுகள் மாறத் தொடங்கின. ஊர் அடங்கியதும் எழும். முற்றத்திலிருந்து திண்ணைக்கும், திண்ணையிலிருந்து கொல்லைக்கும் நடக்கும். சிமெந்துத் தரையில் அதன் நகம் படும் ஓசை விடியும் வரை ஓயாது. சில வேளை கதவின் பின்னுள்ள மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு, வெளியே வரும் வழி தெரியாததுபோல் நிற்கும். பிறகு யாரும் இல்லாத வெளியை நோக்கிக் குரைக்கும். பொழுது புலர்ந்ததும் படுத்து, நண்பகல் வரை உறங்கும்.

தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருந்தான். அவன் தந்தையார் ஒருநாள் வந்து, “ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கிழட்டு நாய், அதனால் இனிப் பயனுமில்லை. வண்டியில் ஏற்றிச் சந்தைப்பேட்டையில் விட்டுவிடலாம். கிடைத்ததைத் தின்று பிழைத்துக்கொள்ளும்” என்றார். அவர் கொடியவரல்லர், பல இரவு உறக்கமிழந்தவர். என் மகனும் அச்சொல்லுக்கு அரைமனத்துடன் தலையசைத்தான். கண் மங்கி, திசை மறந்து, சொந்த வீட்டின் மூலையிலேயே வழி தெரியாது நிற்கும் நாய் சந்தைப்பேட்டையில் எங்ஙனம் பிழைக்கும்? “பத்து நாள் பொறுங்கள்” என்று மட்டும் அவரை வேண்டிக்கொண்டேன்.

என் பேரன் அப்பொழுது எட்டாம் வகுப்பில் பயின்றான். அவனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, மணி எழும் பொழுது, பருகும் நீர், வெளியே போகும் தடவை, உண்ணும் அளவு ஆகியவற்றை எழுதச் சொன்னேன். முன்னிரவு அவன் முறை; பின்னிரவு என் முறை. ஐந்தாம் நாள் அக்குறிப்பேட்டுடன் நாயை அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் குறிப்பைப் படித்து மகிழ்ந்து, குருதியைச் சோதித்தார். சிறுநீரகத்தில் குறையில்லை. பின்கால் மூட்டுகளில் வாதம் இருந்தது. இரு கண்களிலும் புரை படர்ந்திருந்தது. அவற்றிற்கு மேலாக, மூப்பினால் மூளையே தளர்ந்திருந்தது. முதியோர்க்கு மறதிநோய் வருவதுபோல் நாய்க்கும் வருவதுண்டு என்றும், அந்நோய் கண்ட நாய் பகலையும் இரவையும் மாற்றிக்கொள்ளும் என்றும் அவர் விளக்கினார். 2001 இல் வெளிவந்த ஆய்வொன்றில், பதினொன்று பன்னிரண்டு வயது நாய்களுள் நூற்றுக்கு இருபத்தெட்டும், பதினைந்து பதினாறு வயது நாய்களுள் நூற்றுக்கு அறுபத்தெட்டும் இத்தகைய குறிகளுள் ஒன்றையேனும் காட்டியதாக அறிந்தேன்.

“முற்றும் குணமாகாது, துன்பத்தைக் குறைக்கலாம்” என்றார் மருத்துவர். வலிக்கு மருந்து தந்தார். எஞ்சியவை எங்கள் கையில் இருந்தன. காலையும் மாலையும் மெல்ல நடத்திச் சென்றோம். பகலில் நெடும்பொழுது உறங்க விடாமல் அவ்வப்போது அழைத்துப் பேசினோம். இரவு படுக்குமுன் ஒருமுறை கொல்லைக்கு அழைத்துச் சென்றோம். அதன் படுக்கையையும் தண்ணீர்ச் சட்டியையும் இடம் மாற்றாமல் வைத்தோம். வழுக்கும் தரையில் சாக்குகளை விரித்தோம். கதவின் பின்னுள்ள மூலையை ஒரு பலகையால் அடைத்தோம். நடைவழியில் சிறு விளக்கொன்று இரவெல்லாம் எரிந்தது. அது எழுந்தால் அதட்டவில்லை. பெயர் சொல்லி அழைத்து, முதுகைத் தடவி, படுக்கைக்குத் திருப்பினோம்.

பத்தாம் நாள் இரவு மணி இருமுறை மட்டுமே எழுந்தது. குரைப்பு ஏறக்குறைய நின்றது. அடுத்த வீட்டார் அதன்பின் சந்தைப்பேட்டைப் பேச்சை எடுக்கவில்லை. ஆயினும் மணி பழைய மணியாகவில்லை. சில இரவுகளில் முற்றத்தின் நடுவே நின்று வெறுமையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அத்தகைய ஓரிரவில் பேரன், “தாத்தா, அது எதைத் தேடுகிறது?” என்று கேட்டான். “அது என்னவென்று அதற்கும் மறந்திருக்கலாம். நாம் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் போதும்” என்றேன். அவன் எழுந்து சென்று அதனருகே அமர்ந்தான். சிறிது நேரத்தில் மணி அவன் முழந்தாளில் தலை வைத்துப் படுத்தது. அதன்பின் பதினைந்து மாதம் வாழ்ந்து, 2024 ஆம் ஆண்டு தைத் திங்களில், தன் பழைய சாக்கின்மீதே அது கண்மூடியது.

ஒரு நாய்க்காக இத்துணைப் பாடுபட வேண்டுமா என்று சிலர் வினவுவர். அவர்க்கு ஒரு செய்தி சொல்வேன். செருமனி நாட்டில் பான் நகரையடுத்த ஓபர்காசல் என்னும் இடத்தில், 1914 ஆம் ஆண்டில் கல்லுடைப்போர் பழங்கல்லறை ஒன்றைக் கண்டனர். ஏறக்குறையப் பதினாலாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டது அது. அதனுள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கிடந்தனர். அவர்களுடன் ஓர் இளநாயும் கிடந்தது. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள் 2018 இல் தம் முடிவை வெளியிட்டனர். ஏழு திங்களே வாழ்ந்த அந்நாய், கொடிய தொற்றுநோயால் பல வாரம் வருந்தியிருக்கின்றது. மனிதர் நீரூட்டி, தூய்மை செய்து, குளிர் படாது காத்திராவிடில் அத்தனை நாள் அது பிழைத்திருக்க இயலாது. நோயுற்ற குட்டியால் வேட்டைக்கோ காவலுக்கோ என்ன பயன்? ஒரு பயனுமில்லை. இருந்தும் எழுத்தறியாத, ஏரும் அறியாத அம்மனிதர் அதனைக் காத்தனர். இறந்தபின் தம்மவர் கல்லறையிலேயே இடமும் தந்தனர்.

நாய் நமக்காக விழித்திருந்த இரவுகளுக்குக் கணக்கில்லை. அதற்காக நாம் விழிக்க வேண்டி வரும் இரவுகள் மிகச் சில. மாணவர்களே, நள்ளிரவில் உங்கள் வீட்டு நாய் உறங்காது முனகினால், கல்லையும் கம்பையும் தேடாதீர்கள். பசியா, தாகமா, அச்சமா, வலியா, முதுமையா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். கண்டதை எழுதி வைத்து, தக்காரிடம் காட்டுங்கள். நீக்கத்தக்க துன்பத்தை நீக்குங்கள். நீக்க முடியாத துன்பமாயின், அதனருகே சிறிது நேரம் அமர்ந்திருங்கள்.