உயரத்தை வாய்விட்டுச் சொல்பவர்கள்

லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே டாரன்ஸ் விமான நிலையம். செஸ்னா 172 சிறு விமானத்தின் பின் இருக்கையில் நான். முன்னால் என் தங்கை மகனும் அவனுடைய பயிற்றுநர் அம்மாளும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவன் கை உயரம் காட்டும் ஆல்டிமீட்டரின் சின்னத் திருகுக்குப் போனது. வானிலை ஒலிப்பதிவு சொன்ன காற்றழுத்தம் 29.96 அங்குலம். அதைத் திருகி வைத்ததும் முள் 100 அடியருகே நின்றது. அந்த ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரம்தான். "இது சரியா நின்னாத்தான் பெரியம்மா மத்ததெல்லாம்" என்றான்.

ஆல்டிமீட்டர் உண்மையில் காற்றழுத்தத்தை அளக்கும் கருவி. அழுத்தத்தை ஓர் அங்குலம் தவறாக வைத்தால் உயரம் சுமார் 1,000 அடி தவறிப்போகும். 29-ஐ 30 என்று காதில் வாங்கிய விமானி, 4,500 அடியில் பறப்பதாக நம்பிக்கொண்டே 3,500-இல் பறப்பார். விமானத்திலிருந்து ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர் தரைக்குச் சொல்லும் உயரமோ இந்தத் திருகைப் பொறுத்ததல்ல. அது எப்போதும் 29.92 என்ற பொது அழுத்தத்தை வைத்தே கணக்கிடும். உள்ளூர் அழுத்தத்துக்கு அதைத் திருத்துவது தரையிலுள்ள கணினி. அதனால்தான் விமானி சொல்லும் உயரத்தையும் ரேடார் திரையில் தெரியும் உயரத்தையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒப்பிட்டுப் பார்க்கிறார். வித்தியாசம் 300 அடிக்குள் இருந்தால்தான் திரையை நம்புவார்.

லாஸ் ஏஞ்சலஸின் பெரிய விமான நிலையத்துக்கு நேர் மேலே சிறு விமானங்களுக்கென்று ஒரு வழி விட்டிருக்கிறார்கள். வடமேற்கே போகிறவர் 4,500 அடி, தென்கிழக்கே வருகிறவர் 3,500 அடி. டிரான்ஸ்பாண்டரில் 1201 என்ற குறியீட்டை வைக்க வேண்டும். அங்கே கட்டுப்பாட்டாளரின் குரல் கிடையாது. எங்கே இருக்கிறேன், எந்தத் திசை, என்ன உயரம் என்று ஒவ்வொருவரும் பொது அலைவரிசையில் அறிவித்தபடி போகிறார்கள். கீழே நான்கு ஓடுதளங்களும் பாய் விரித்தாற்போல் தெரிந்தன. எதிர்த்திசையில் வந்தவர் "3,500" என்றார். பயிற்றுநர் கீழே விரலைக் காட்டினார். எங்களுக்கு அடியில் ஒரு வெள்ளை இறக்கை நழுவிப் போனது. எனக்கு மூச்சு நின்று வந்தது.

இந்த ஒழுங்குக்குக் கொடுத்த விலை பெரிது. 1986 ஆகஸ்ட் 31 அன்று இதே டாரன்ஸிலிருந்து ஒரு பைப்பர் ஆர்ச்சர் மூன்று பேருடன் கிளம்பியது. அனுமதி பெறாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்துவிட்டது. அதன் டிரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்லும் வகையல்ல. கட்டுப்பாட்டாளர் அப்போது அனுமதியின்றி நுழைந்த இன்னொரு சிறு விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தார். செரிட்டோஸ் நகருக்கு மேலே அந்த ஆர்ச்சர் ஏரோமெக்ஸிகோ டிசி-9 விமானத்தோடு மோதியது. வீடுகளில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 நாட்டிகல் மைலுக்குள் உயரத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமாயிற்று.

ஆனால் கருவி வந்ததோடு காரியம் முடியவில்லை. விமான நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர் ஒருவர் இதைத்தான் அழுத்திச் சொன்னார். உத்தரவு கொடுத்ததும் கை தானாக அடுத்த விமானத்தின் விவரச் சீட்டுக்குப் போய்விடுமாம். விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை அந்தச் சீட்டிலிருந்து விரலை எடுக்காமல் பழகியவர் அவர். 1989 பிப்ரவரியில் கோலாலம்பூர் அருகே இறங்கிக்கொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு 2,400 அடி என்ற உத்தரவை "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று சொன்னார்கள். முதல் "டூ"வை எண்ணாக அல்லாமல் "வரை" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்ட விமானிகள் "ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று திருப்பிச் சொன்னார்கள். அந்தத் தவறு யார் காதிலும் உறைக்கவில்லை. விமானம் குன்றில் மோதி நால்வரும் மாண்டார்கள். திருப்பிச் சொல்வதைக் கவனித்துக் கேட்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

திரும்பும் வழியில் எங்களோடு பேசியவர் சான் டியாகோவில், ரேடார் அறையில் உட்கார்ந்திருந்தவர். ஒரு நிமிடத்தில் எத்தனையோ விமானங்களுக்குப் பதில் சொன்னார். எங்களுக்கு ஓர் உயரம் சொன்னபோது யாரோ குறுக்கே பேசிவிட்டார்கள். தங்கை மகன் ஒரு கணம் தயங்கினான். பயிற்றுநர் அவனையே பார்த்தார். "சே அகெய்ன்" என்றான்.

"பெரியவங்க சொன்னதைத் திரும்பக் கேக்கக் கூடாதுன்னு வளந்தவன் நான். இதுக்குப் பழகத்தான் பெரியம்மா நாளாச்சு" என்று பிறகு சொன்னான்.

அலுப்பில்லாமல் பதில் வந்தது: 3,500-க்கு மேல் ஏற வேண்டாம். அதை எழுதிக்கொண்டு, முழுதாகத் திருப்பிச் சொன்னான். "ரீட்பேக் கரெக்ட்" என்றார் சான் டியாகோக்காரர்.