குணாளன் ஓடிய ஓட்டம்

நிலக்கோட்டை நண்பர்களுக்கு,

பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த வாரம் ஊரிலிருந்து என் அத்தை மகன் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். "என்ன மாப்ள, 140 கோடிப் பேர் இருந்தும் ஒரு தங்கம் இல்லையான்னு எங்களக் கேலி பண்ணுவியே. ஒங்க சிங்கப்பூரு பணக்கார ஊருதானே, அது எத்தன வாங்குச்சு?" பின்னால் பூ மார்க்கெட் ஏலச் சத்தம் வேறு. பதில் சொல்லத்தான் இந்த மடல்.

பாரிசில் இந்தியா வாங்கியது ஆறு பதக்கம். சிங்கப்பூர் இன்றுவரை எல்லா ஒலிம்பிக்கிலும் சேர்த்து வாங்கியதும் அதே ஆறுதான். 1960 ரோமில் டான் ஹவ் லியாங் பளு தூக்கி ஒரு வெள்ளி கொண்டுவந்தார். அதற்கப்புறம் 48 வருடம் ஒன்றுமே இல்லை. 2008 பெய்ஜிங்கில் பெண்கள் மேசைப்பந்து அணி வெள்ளி வாங்கியபோது, ரோம் வெற்றியின்போது பிறந்த குழந்தைக்கே தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். அந்த அணியில் ஆடிய மூவருமே சீனாவில் பிறந்து வந்து குடியுரிமை பெற்றவர்கள். "இது நம்ம பதக்கமா?" என்று அப்போது இங்கே காப்பிக் கடைகளில் பெரிய வாக்குவாதம் நடந்தது. நான் அதில் வாய் திறக்கவில்லை. பெட்டி தூக்கிக்கொண்டு வந்து இறங்கியவன் நான், இன்னொருவர் வந்து இறங்கியதைப் பற்றி என்ன பேசுவது? 2012 லண்டனில் இரண்டு வெண்கலம். 2016 ரியோவில் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸையே முந்தினார். இந்நாட்டின் ஒரே தங்கம் அதுதான். பாரிசில் பதினேழு வயதுப் பையன் மேக்ஸ் மேடர் பட்டம் பிடித்து அலைமேல் பறக்கும் போட்டியில் வெண்கலம் வாங்கினான். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது பதக்கமே வாங்காத ஓர் ஒலிம்பிக் ஓட்டத்தைப் பற்றி.

கனகசபை குணாளன் 1942-இல் ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் பிறந்த தமிழர். சிங்கப்பூரில் பள்ளி ஆசிரியர். கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவரைத் தடகளத்துக்கு இழுத்து வந்தவர் டான் எங் யூன் என்ற பயிற்சியாளர். குணாளனுக்கு அப்போதே இருபது வயது தாண்டிவிட்டது. ஓட்டப் பந்தயத்துக்கு அது காலம் கடந்த வயது. எங்கள் நிலக்கோட்டைப் பக்கத்தில் என்றால், "இனிமே ஓடி என்ன ஆகப்போகுது, வேலைக்குப் போ" என்று சொல்லியிருப்போம்.

1964-இல் டோக்கியோ ஒலிம்பிக். சிங்கப்பூர் அப்போது மலேசியாவின் ஒரு மாநிலம். குணாளன் மலேசியக் கொடியின் கீழ் போனார். அதே அணியில் இன்னொரு தமிழர், மாணிக்கவாசகம் ஜெகதீசன். பதினாறு வயதிலேயே ரோமில் ஓடியவர். பிற்பாடு மருத்துவம் படித்துப் 'பறக்கும் டாக்டர்' என்று பேர் வாங்கியவர். டோக்கியோவில் 200 மீட்டரில் அரையிறுதிவரை போனார். மறு வருடம் ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1966 டிசம்பரில் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இரண்டு வருடத்துக்கு முன் ஒரே கொடிக்குக் கீழே நின்ற இருவரும் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் வேறு வேறு கொடியோடு நின்றார்கள்.

இருவருக்கும் கடிகாரம் காட்டியது 10.5 வினாடி. யார் முதல் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. கோட்டருகே எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் தீர்ப்பு. தங்கம் ஜெகதீசனுக்கு, வெள்ளி குணாளனுக்கு. ஒரு தமிழர் மலேசியாவுக்காக ஜெயித்தார், இன்னொரு தமிழர் சிங்கப்பூருக்காக மயிரிழையில் தோற்றார். பிறந்து பதினாறு மாதமே ஆன நாட்டுக்கு அந்த வெள்ளி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சம். 2011 கணக்கெடுப்பில் நம் திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 21 லட்சத்துக்கும் மேல்.

இரண்டு வருடம் கழித்து 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் நகரம், காற்று லேசு. ஒலிம்பிக்கில் முதல் தடவையாகச் செயற்கை இழை ஓடுதளம் போட்டிருந்தார்கள். அங்கே குணாளன் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். ஜெகதீசன் 200 மீட்டரை 20.92-இல் ஓடி மறுபடியும் அரையிறுதி கண்டார். இருவருமே பதக்க மேடைப் பக்கம் போகவில்லை. ஆனால் ஜெகதீசனின் நேரம் மலேசியாவில் 2017 வரை, அதாவது 49 வருடம், தேசியச் சாதனையாக நின்றது. குணாளனின் 10.38 சிங்கப்பூரில் 33 வருடம் நின்றது. 2001-இல் கோலாலம்பூரில் யு.கே. ஷியாம் 10.37 ஓடித்தான் அதை உடைத்தார். எவ்வளவு குறைத்தார்? நூறில் ஒரு பங்கு வினாடி.

இங்கே விழாக்களில் இந்த 33 வருடக் கணக்கைப் பெருமையாகச் சொல்வார்கள். ஓடியவருக்கு அது பெருமைதான், மறுக்கவில்லை. நாட்டுக்கு அது பெருமையில்லை. 1968-இல் கையில் பெரிய வசதி இல்லாத ஓர் ஆசிரியர் ஓடிய வேகத்தை, பாலமும் விமான நிலையமும் வானளாவிய கட்டடமும் கட்டி முடித்த பிறகும் எட்ட முடியவில்லை என்றால், அந்த முப்பது வருடத்தில் ஓடக் கூடிய பையன்களெல்லாம் எங்கே போனார்கள்? டியூஷனுக்குப் போனார்கள். பதினெட்டு வயதில் இரண்டு, இரண்டரை வருடம் கட்டாயத் தேசிய சேவைக்குப் போனார்கள். அப்புறம் வேலைக்குப் போனார்கள். ஸ்கூலிங் ரியோவுக்கு முன் அந்தச் சேவையைத் தள்ளிப்போட அனுமதி வாங்கியதே பெரிய செய்தியாக வந்தது. ஒலிம்பிக் தங்கத்துக்குப் பத்து லட்சம் சிங்கப்பூர் டாலர் பரிசு உண்டு. பணம் இல்லாமல் இல்லை. பதினைந்து வயதில் ஓடுகிற பிள்ளையைப் பார்த்து, "இரு, நீ ஓடு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். பணம் கொடுத்து அவரை வாங்க முடியாது.

பெண்கள் பக்கத்திலும் இதே கதைதான், முடிவு மட்டும் கொஞ்சம் நல்லது. 1973-இல் காலாங்கில் புதிதாகத் திறந்த தேசிய அரங்கில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் குளோரி பர்னபாஸ் 200 மீட்டர் தங்கம் வாங்கினார். அவரும் ஆசிரியை, அதுவும் போட்டோ பார்த்துத் தீர்த்த ஓட்டம். அந்தத் தங்கத்தை மறுபடி சிங்கப்பூருக்குக் கொண்டுவர இன்னொரு பெண்ணுக்கு 42 வருடம் ஆனது. 2015-இல் சாந்தி பெரேரா 23.60 வினாடியில் அதைச் செய்தார். அப்புறம் அவருக்குக் காயம், சரிவு, வருடக்கணக்கில் பழைய நேரத்தையே தொட முடியாத நிலை. டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி நேரம் இல்லாமல், தகுதி பெற்றவர் இல்லாத நாடுகளுக்கென ஒதுக்கும் அழைப்பு இடத்தில்தான் போனார். 2023-இல் எல்லாம் சேர்ந்து வந்தது. பாங்காக்கில் ஆசியச் சாம்பியன் பட்டம் இரண்டு, ஹாங்சோ ஆசியப் போட்டியில் 100 மீட்டர் வெள்ளி, 200 மீட்டரில் 23.03-இல் தங்கம். ஆசியப் போட்டித் தடகளத்தில் சிங்கப்பூருக்குத் தங்கம் 1974-க்குப் பின் அதுதான்.

மேலே அழைப்பு இடம் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். தகுதி பெற்ற ஆளே இல்லாத நாடும் தடகளத்துக்கு ஆள் அனுப்பலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஒலிம்பிக் 100 மீட்டரில் டி.வி. சரியாகக் காட்டாத ஒரு முன்சுற்று உண்டு. பசிபிக் தீவுகளிலிருந்து வந்த பையன்கள் பதினொரு வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு ஓடி முடிப்பார்கள். பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தச் சுற்றைத் தவறவிடுவதில்லை. அங்கே ஓடுகிறவன் திரும்பிப் போனால், தீவில் அவனை வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

சிறிய நாடாலும் ஓடிக் காட்ட முடியும் என்பதற்குப் பாரிசிலேயே சாட்சி இருந்தது. கரீபியக் கடலில் செயின்ட் லூசியா என்று ஒரு தீவு. மக்கள் சுமார் 1.8 லட்சம். நம் திண்டுக்கல் மாநகராட்சியைவிடக் குறைவு. அங்கிருந்து வந்த ஜூலியன் ஆல்பிரட் பெண்கள் 100 மீட்டரில் 10.72 ஓடித் தங்கம் வாங்கினார். பக்கத்தில் டொமினிக்கா இன்னும் சிறியது, எழுபதாயிரம் பேர் தேறும். மும்முறைத் தாண்டலில் தங்கம் அந்தத் தீவின் தியா லாபாண்டுக்கு. முன்பே நம்மவர் ஒருவர் செய்ததும் உண்டு. யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் உயரம் தாண்டி, இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

ஆக, அத்தை மகனுக்கு என் பதில் இது. எங்கள் சிங்கப்பூர் ஒன்றும் கிழித்துவிடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடிக்கணக்கில் ஆள் இருப்பதும் ஒரு தகுதி இல்லை. ஓடுகிறவரைத் தேடி எடுத்தால் ஒரு மாவட்டத்து மக்கள்தொகையே போதும். விளாம்பட்டி, சிலுக்குவார்பட்டிப் பக்கம் விடிகாலையில் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டு, மணியடிக்கும் முன் பள்ளிக்கு ஓடி வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாராவது ஒருவரின் கால் ஆல்பிரட்டின் கால் போல இருக்கலாம். யார் பார்த்தார்கள்? குறுவட்டப் போட்டியில் முதலில் வந்த பிள்ளை, மாவட்டப் போட்டிக்குத் திண்டுக்கல் போய்வரப் பேருந்துக் காசும் கூட வர ஆளும் இல்லாமல் நின்றுபோவது நம் பக்கம் புதிதல்ல. தப்பிப் போகிற பிள்ளையையும் பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிடுகிறோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அடுத்த முறை போகும்போது, மேசை நாற்காலி, சுற்றுச்சுவர் எல்லாம் பேசி முடித்த பின் இதையும் கேளுங்கள்: பி.டி. பீரியட் நடக்கிறதா, இல்லை கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறாரா? போன வருடம் குறுவட்டத்தில் ஜெயித்த பிள்ளைகள் யார் யார், அவர்கள் இப்போது ஓடுகிறார்களா? பேர்களை எழுதி எனக்கு அனுப்புங்கள். பேருந்துக் காசுக்கு இங்கிருக்கும் நிலக்கோட்டைக்காரர்களிடம் நான் கேட்கிறேன்.