மரை பார்க்கத் தெரிய வேண்டும்

பழைய ரேசிங் சைக்கிளைப் போனில் படம் எடுத்து அனுப்பி, "எந்த ஊர், எந்த வருஷம் அண்ணா?" என்று கேட்கிறார்கள். பதில் கொஞ்சம் தாமதமானால் ஸ்டிக்கரைப் பார்த்தே வயது சொல்லும் பையனிடம் போய்விடுகிறார்கள். அலிபிரி ரோட்டில் இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டியே தலை நரைத்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேட்ஜை நம்பாதீர்கள். ராலே பேட்ஜ் நாட்டிங்காமிலிருந்தும் வந்தது, அசன்சோல் சென்-ராலேயிலிருந்தும் வந்தது. ஹெர்குலிஸ் இங்கிலாந்திலும் செய்தார்கள், நம் அம்பத்தூரிலும் செய்தார்கள். பெயிண்ட் அடிக்க ஒரு நாள் போதும், மரையை மாற்றி வெட்ட யாரும் மெனக்கெடுவதில்லை.

சித்தூரில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி ஃபிரேமின் பெயரைப் படிக்கவே விடமாட்டார். பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. கப்பைக் கழற்றிக் கையில் வைப்பார். "இது எந்த நாடு, சொல்லுடா" என்பார். செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை, அங்குலத்துக்கு 24 புரி என்றால் இங்கிலீஷ். அதே இடது மரையில் 26 புரி என்றால் பெரும்பாலும் நாட்டிங்காம் ராலே. இரு பக்கமும் வலது மரை, விட்டம் 36 மில்லி என்றால் இத்தாலி. இரு பக்கமும் வலது மரை, 35 மில்லி, புரிக்கு ஒரு மில்லி என்றால் பிரான்ஸ்.

படுத்தி எடுப்பது பிரெஞ்சு ஃபிரேம்தான். இங்கிலீஷ் கப் 34.8 மில்லி, பிரெஞ்சு 35. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இடது பக்கத்தில் இரண்டுக்கும் வலது மரைதான் என்பதால் இங்கிலீஷ் கப் இரண்டு சுற்று உள்ளே போய்விடும், பிறகு இறுகும். மேஸ்திரி அங்கேயே நிறுத்தி கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்வார். இன்றைய பையன்கள் நீண்ட ஸ்பேனரைப் போட்டு அழுத்துகிறார்கள். மரை வழித்துக்கொண்டு போகிறது. ஃபிரேம் கெடுகிறது, அது எங்கே பிறந்தது என்பதற்கான சாட்சியும் கூடவே போகிறது.

வருஷத்தைப் பாகங்கள் சொல்லும். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பில் வருஷமே பொறித்திருக்கும். கம்பாக்னோலோ நுவோவோ ரெக்கார்ட் பின் கியரில் 'பேட்டண்ட்' எழுத்துக்குப் பக்கத்து இரண்டு எண்கள் ஏறக்குறைய அது செய்த வருஷம். ஷிமானோவில் இரண்டு எழுத்து: முதலாவது வருஷம், 1976-லிருந்து 'ஏ' தொடங்கும், அடுத்தது மாதம். பின் சக்கர இடைவெளி 120 மில்லி என்றால் ஐந்து பல்சக்கரக் காலம், 126 என்றால் அதற்குப் பிந்தியது. ஆனால் அதை விரித்துவிடலாம், கியரையும் மாற்றியிருக்கலாம். அதனால் ஒரு பாகத்தின் பேச்சைக் கேட்டு வயது சொல்லக் கூடாது. ஹப், கிராங்க், கியர் மூன்றும் ஒரே காலத்தைக் காட்டினால்தான் என் வாயிலிருந்து வருஷம் வரும்.

இதற்கு ஒரு நாள் ஆகும், கூலியும் ஆகும். விற்கிறவர் அதைக் கொடுக்க மறுத்து, "அசல் இங்கிலீஷ், 1950" என்று எழுதி ஒட்டுகிறார். வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பணத்தை எடுக்காதீர்கள்.