எந்த ஊரு?

யாஹூ சாட் ரூம் காலத்தில் யார் உள்ளே நுழைந்தாலும் முதலில் வந்து விழும் கேள்வி "ஏ.எஸ்.எல்.?" என்பதுதான். வயசு என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று அர்த்தம். அந்த சாட் ரூம்களை யாஹூ 2012 டிசம்பரில் மூடியது. மெசெஞ்சரும் 2018 ஜூலையோடு போய்விட்டது. கேள்வி மட்டும் போகவில்லை. இன்ஸ்டாகிராம், டெலிகிராம், மொபைல் கேம் என்று இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி யாஹூவுக்கு முன்பே பழக்கம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் "தம்பிக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பார். பிறகு "அங்க எந்தத் தெரு?", "யாரு வீட்டுப் பிள்ள?". மூன்று கேள்வியில் குடும்பம் தெரிந்துவிடும், பல சமயம் சாதியும் தெரிந்துவிடும். ஆனால் பஸ்ஸில் கேட்கிறவரின் முகம் எதிரே இருக்கிறது. "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று திருப்பிக் கேட்கலாம். முன்பின் தெரியாதவரோடு இணையத்தில் அரட்டை அடிக்கும்போது அந்த வசதி கிடையாது. அவர் சொல்லும் ஊர் உண்மையா என்று பார்க்கவும் வழியில்லை.

அட்ரஸ் கொடுக்காதே என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். யாரும் கொடுப்பதும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அட்ரஸ் மொத்தமாகப் போவதில்லை, துண்டு துண்டாகப் போகிறது.

ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். "சவுத் தமிழ்நாடு" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பேச்சில் "ஏல" வருகிறது, லுங்கியைச் "சாரம்" என்கிறார். தெற்கே நாலைந்து மாவட்டத்துக்குள் ஆள் வந்தாயிற்று. ஆனி மாதம் ஒருநாள் "இன்னிக்குத் தேரு, லீவு" என்கிறார். நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். மாவட்டம் தெரிந்துவிட்டது. இன்னொரு நாள் "ஆத்துப்பாலத்துல ஒரே டிராபிக், காலேஜுக்கு லேட்டு". 1843ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலம்தான் அது. காலேஜ் பாளையங்கோட்டைப் பக்கம் என்றால் வீடு ஜங்ஷன், டவுன் பக்கம். மழைக்காலத்தில் "முருகன் கோயில் வெள்ளத்துல முங்கிட்டு, எங்க மாடியில இருந்தே தெரியுது" என்று ஒரு வரி. ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை ஊரில் தெரியாதவர் கிடையாது. இனி சில தெருக்கள்தான் பாக்கி. நான்கு வரியிலும் ரகசியம் என்று ஒன்றுமே இல்லை. நான்கையும் சேர்த்து வைப்பவர் ஒருவர் இருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறாக, பலர் பயப்படுவது ஐ.பி. முகவரியைப் பார்த்து. அதை வைத்துப் பொதுவாக நகரம் வரைக்கும்தான் ஊகிக்க முடியும், அதுவும் அடிக்கடி தப்பாகும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்றுக்குப் போலீஸும் மற்றவர்களும் வருஷக்கணக்கில் தேடி வந்துகொண்டிருந்தார்கள். இடம் சரியாகத் தெரியாத 60 கோடி ஐ.பி. முகவரிகளுக்கு ஒரு கம்பெனி அந்த வீட்டுப் பக்கம் ஒரு புள்ளியைப் பொதுவாக வைத்திருந்தது என்பது 2016ல்தான் வெளியே வந்தது.

போட்டோ விஷயம் அப்படியல்ல. 2012 டிசம்பரில், பெலிஸ் நாட்டுப் போலீஸ் விசாரணைக்குத் தேடிய ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தார். ஆன்டிவைரஸ் மென்பொருளால் பெயர் பெற்றவர். அவரோடு எடுத்த படத்தை ஒரு பத்திரிகை இணையத்தில் போட்டது. படத்துக்குள் பதிவாகியிருந்த ஜி.பி.எஸ். எண்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தன. இன்றும் கேமராவில் லொகேஷன் ஆனில் இருந்தால் படத்தோடு இடமும் பதிவாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

இடம் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். பலருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விடாமல் துரத்தும் ஒருவனிடமிருந்து தப்பிக்க ஹாஸ்டல் மாறிய பெண்ணுக்கு ஆகும். சாதி மாறிக் கல்யாணம் செய்து வெளியூரில் ஒதுங்கி வாழும் ஜோடிக்கு உயிரே போகலாம். அவர்கள் தாங்களாகச் சொல்லித்தான் மாட்டவேண்டும் என்றில்லை. "உன் பிரெண்ட் இப்ப எங்க இருக்கா?" என்ற கேள்விக்கு வகுப்புத் தோழி வெள்ளந்தியாகச் சொல்லும் பதிலே போதும். அடுத்தவர் இருக்கும் இடத்தைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்பதுதான் இதில் பலரும் மறப்பது.

அதற்காக எப்போதும் வாயைத் திறக்கக் கூடாது என்றும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. திருச்செந்தூரில் இருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அப்படி ஒரு நேரத்தில் இருக்கும் இடத்தைச் சத்தம்போட்டுச் சொல்வதுதான் புத்தி. தண்ணீர் வடிந்த பிறகு, வீட்டு விலாசமும் போன் நம்பருமாகப் போட்ட பதிவை அழித்துவிடவேண்டும்.

மற்ற நாட்களுக்குச் சின்னச் சின்னப் பழக்கங்கள் போதும். எங்கள் பக்கம் ஊரைச் சொல்லாமல் மழுப்பினால் திமிர் என்பார்கள். அதனால் பெரிய பெயராகச் சொல்லலாம்: "நெல்லைப் பக்கம்". தேர் பார்த்த படத்தை வீட்டுக்கு வந்தபிறகு போடலாம். லைவ் லொகேஷனை வீட்டாருக்கு மட்டும், எட்டு மணி நேரத்துக்குப் பதில் பதினைந்து நிமிஷமோ ஒரு மணி நேரமோ வைக்கலாம். கேமராவில் லொகேஷனை இன்றைக்கே அணைக்கலாம். மேற்கொண்டு தோண்டித் தோண்டிக் கேட்பவரிடம் "அண்ணாச்சி, மொதல்ல உங்க ஊரச் சொல்லுங்க" என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் பதில் எதுவானாலும், தெருப் பெயர் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.