பெட்ரோல் லாரியும் ஒரு எதிர்ச்சொல்லும்

ஆங்கிலத்தில் ஒரு பெயரடைக்கு எதிர்ச்சொல் வேண்டுமா? முன்னால் ஒரு 'அன்' போடு. ஹேப்பி - அன்ஹேப்பி, கைண்ட் - அன்கைண்ட். ஆங்கிலம் கற்பவர்கள் மனதில் முதலில் பதிவது இதுதான். அப்புறம் இன்விசிபிள், இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் எல்லாம் வரிசையாக வந்து மிரட்டும். பாவம், பிள்ளைகள் இவற்றைத் தனித்தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள்.

உண்மையில் இந்த நான்கும் ஒன்றேதான். லத்தீனிலிருந்து வந்த 'இன்' என்ற முன்னொட்டு, அடுத்து ப, ம போன்ற உதடு மூடும் ஒலி வந்தால் 'இம்' ஆகிறது. ல வந்தால் 'இல்', ர வந்தால் 'இர்'. மரம் + கள் என்பது மரங்கள் ஆகிறதே, அதே சங்கதி. நம் இலக்கண வகுப்பில் புணர்ச்சி படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல.

'அன்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. அது யாருக்காகவும் மாறாது. அன்லக்கி, அன்ரியல், அன்பிளசன்ட் என்று அப்படியே நிற்கும். எந்தச் சொல்லுக்கு எது என்பதற்கு முழுமையான விதி கிடையாது, அகராதிதான் கதி. வேடிக்கை என்னவென்றால், பெயரடை அன்ஸ்டேபிள், பெயர்ச்சொல் இன்ஸ்டெபிலிட்டி. அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இப்படி!

'இன்' வந்தாலே மட்டம் என்றும் நினைத்துவிடக் கூடாது. இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பே இல்லாதது அல்ல, மதிப்பிடவே முடியாதது. தமிழிலும் 'விலைமதிப்பற்ற' என்று அப்படித்தானே சொல்கிறோம்.

இதெல்லாம் தேர்வில் ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும். 'இன்பிளேமபிள்' அப்படியல்ல. நம்மூர் பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்னால் 'ஹைலி இன்பிளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விதியை மட்டும் படித்தவர் இதை 'எரியாதது' என்று வாசித்தால் என்ன ஆகும்? இங்கே 'இன்' இல்லை என்று சொல்லவில்லை. தீ மூட்டுதல் என்ற லத்தீன் வினையோடு ஒட்டியே வந்தது, 'உள்ளே' என்பதுபோல. ஆக பிளேமபிள், இன்பிளேமபிள் இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றும்.

ஆங்கிலம் தாய்மொழியானவர்களே இதில் தடுமாறக்கூடும் என்ற பயம் இருந்தது. அதனால் 1920களிலேயே அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'பிளேமபிள்' என்றே எழுதச் சொன்னது. இன்று ரசாயனப் பொருட்களுக்கான ஐ.நா.வின் எச்சரிக்கை வாசகங்களிலும் அந்தச் சொல்தான். தீப்பற்றாதது என்று சொல்ல வேண்டுமானால் 'நான்பிளேமபிள்'.